தகர மனுசனுக்கு ஒரு மோட்டார்

எட்டாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போதுதான் வேடியப்பனுக்குக் கடிகாரத்துப் பேட்டரிக் கட்டை நினைவுக்கு வந்தது.

மடியில் மோட்டார்களைச் சோதித்துப் பார்க்கிற மீட்டர் பத்திரமாக இருந்தது. அதைச் சுற்றி ஒரு துண்டு, துண்டைச் சுற்றி அவனுடைய இரண்டு கைகள். கட்டை மட்டும் சேலத்திலேயே, ஏதோ ஒரு கடையில், யாரோ வாங்கட்டும் என்று இருந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். ஒரு கட்டைக்காகக் கண்டக்டரிடம் திட்டு வாங்க அவனுக்கு மனமில்லை.

காலையில் கிளம்பும்போது மனைவி சென்னம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"ஏனுங்க, மீட்டர மறந்தாலும் மறங்க, கட்டைய மறந்துராதீங்க. சின்னக் கட்டை. வெரலு மொத்தம்தான் இருக்கும்."

"ஒரு கட்டை வாங்க எனக்குத் தெரியாதா புள்ள?"

வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நாளாக ஏழே காலிலேயே நின்றுகொண்டிருந்தது. சென்னம்மாளுக்கு எஸ்டேட் நாற்றுப் பண்ணையில் வேலை. காலை ஏழு மணிக்கு ஆஜர் எடுக்கிற ரைட்டர் பெயர் கூப்பிடும்போது களத்தில் நிற்க வேண்டும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஏற்காட்டில் ஆறு மணியும் ஒன்பது மணியும் ஒரே நிறமாகத்தான் இருக்கும். வானத்தைப் பார்த்து நேரம் சொல்ல யாராலும் முடியாது. அந்தப் பத்து நாளில் அவள் நாலு நாள் தாமதம். ஏற்காட்டுக் கடையில் வாங்கிய கட்டை ஒரு வாரத்தில் படுத்துவிட்டது. தீர்ந்த கட்டையை வெயிலில் காய வைத்தால் இன்னும் நாலு நாள் ஓடும் என்பது மலையில் எல்லோரும் செய்கிற வைத்தியம். சென்னம்மாளும் கட்டையைக் கூரை மேல் வைத்துப் பார்த்தாள். வெயில் வரவில்லை. கட்டை நனைந்ததுதான் மிச்சம்.

வேடியப்பன் அதே எஸ்டேட்டில் வயர்மேன். அவளைப் போலவே ஏழு வருஷமாக டெம்பரவரி. முடி வெட்டும் கடையில் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகையில் ஜப்பான்காரன் செய்த இயந்திர மனிதனின் படத்தைப் பார்த்தான். அன்றிலிருந்து அவனுக்குத் தகர டின்களின் மேல் ஆசை வந்துவிட்டது. தலைக்குப் பிஸ்கட் டின், உடம்புக்கு எண்ணெய் டின், கைகளுக்குத் தண்ணீர்க் குழாய். கண்ணுக்கு இரண்டு சைக்கிள் பல்பு. எஸ்டேட் ஜனங்கள் அதற்குத் தகர மனுசன் என்று பெயர் வைத்தார்கள். தகர மனுசனுக்கு எல்லாம் இருந்தது, அசைவுதான் இல்லை.

அந்த 1989ஆம் வருஷம் ஏப்ரலில் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கோடை விழாவுல நம்ம எஸ்டேட்டும் ஸ்டால் போடுது. வர்றவங்களுக்கு உன் தகர மனுசன் காப்பி ஊத்தித் தரணும். முடியுமா?"

"ஒரு மோட்டார் கெடச்சா முடியுமுங்க தொரை."

"மோட்டார்." மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் என் பங்களா மிக்ஸி மோட்டாரை ரிப்பேர் பண்றேன்னு நேரா கரண்ட்டைக் குடுத்து எரிச்சியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"இனிமே மீட்டர் வெச்சுப் பார்க்காம எந்த மோட்டாருக்கும் நீ கரண்ட் குடுக்கக் கூடாது. குடுத்தேன்னு காதுல விழுந்தா பெட்டியைக் கட்டிடு. மீட்டருக்குப் பணம் ரைட்டர்கிட்ட வாங்கிக்க."

வேடியப்பன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். மேனேஜர் இன்னும் முடிக்கவில்லை.

"இந்த வருஷம் ஒரே ஒரு பர்மனென்ட் இடம் வந்திருக்கு. தகர மனுசன் ஓடினா அது உனக்கு. ஓடலைன்னா மே மாச ஆஜர் புத்தகத்தைப் பார்ப்பேன். ஒரு நாள்கூட லேட் ஆகாத ஆளுக்குத்தான் குடுப்பேன்."

பர்மனென்ட் என்றால் ஓடு போட்ட வீடு, போனஸ், வருஷத்துக்கு ஒரு கம்பளி. வேடியப்பனின் வீட்டுக் கூரை தகரம். மழை பெய்தால் சென்னம்மாள் பேசுவது அவனுக்குக் கேட்காது. சில நாள் அது சௌகரியமாக இருந்தாலும் ஏழு வருஷம் என்பது அதிகம்தான். ஆஜர் புத்தகத்தில் அவன் பெயருக்கு எதிரே எப்போதும் தாமதத்துக்குப் போடுகிற சிவப்பு மைச் சுழிகள்தான் வரிசையாக இருக்கும். ஆகவே தகர மனுசனை விட்டால் அவனுக்கு வேறு வழியில்லை.

சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்கடை. கடைக்காரர் இரண்டு மீட்டர்களை எடுத்து வைத்தார்.

"முள்ளு வெச்சதா, நம்பர் வர்றதா?"

"எது நல்லதுங்க?"

"நம்பர் வர்றது கணக்கு வாத்தியார் மாதிரி, புள்ளி மாறாம சொல்லும். வெலையும் மூணு மடங்கு. எதுக்கு உங்களுக்கு?"

"மோட்டார் பாக்கறதுக்குங்க."

"அப்ப முள்ளு வெச்சதே போதும். மோட்டாருக்கு உசுரு இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சாப் பத்தாதா, அதுக்கு எத்தன வயசுன்னு எதுக்கு?"

வேடியப்பனுக்கு இந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. கடைக்காரர் மீட்டரின் பின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடித் திருகினார். முன்பக்கத் திருகை ஓம்ஸ் என்று எழுதிய இடத்துக்கு நகர்த்தினார். மேஜை மேல் கிடந்த சிறிய மோட்டாரின் இரண்டு ஒயரிலும் இரண்டு ஊசிகளை வைத்தார். முள் எகிறிக்கொண்டு பாதி தூரம் போய் நின்றது.

"ஆடுச்சா, உசுரு இருக்குது. ஆடலைன்னா செத்துப்போச்சு. அவ்வளவுதான் வித்தை."

"இந்த மோட்டார் வெலைக்குங்களா?"

"இது என்னோட ஃபேனுது. சின்ன மோட்டார் புதுசா வேணும்னா மெட்ராசுக்குத்தான் போகோணும். அதுக்கு எதுக்கு அலையறீங்க? டேப் ரிக்கார்டர்ல ஒண்ணு இருக்கும், ஜீப்பு வைப்பர்ல ஒண்ணு இருக்கும், தையல் மெசின்ல ஒண்ணு இருக்கும். ஊருக்குள்ளயே சுத்திட்டுத்தானே இருக்குது."

வேடியப்பன் பணத்தைக் கொடுத்து மீட்டரை வாங்கிக்கொண்டான்.

"இன்னொண்ணு கேட்டுக்கங்க," என்றார் கடைக்காரர். "ஒவ்வொரு தடவையும் மோட்டார்ல வெக்கறதுக்கு முன்னால, மொதல்ல இந்த ரெண்டு ஊசியையும் எடுத்து..."

ஏற்காடு பஸ்ஸின் விசில் கேட்டது. வேடியப்பன் ஓடினான். மிச்சத்தைக் கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்ததும் சென்னம்மாள் கையை நீட்டினாள்.

"கட்டை?"

"நாளைக்கு வாங்கியாறேன் புள்ள. மொதல்ல இதப் பாரு."

அவள் பார்த்தாள். கறுப்புப் பெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள், சிவப்பும் கறுப்புமாய் இரண்டு ஒயர்.

"இது எதுலீங்க ஓடுது?"

வேடியப்பன் திருகை வோல்ட்டுக்குத் திருப்பி, ஊசிகளைச் சுவர்ப் பிளக்கில் சொருகினான். முள் துள்ளிப் போய் இருநூற்று இருபதில் நின்றது.

"பாத்தியா. எங்க வெக்கறமோ அந்த எடத்துக் கரண்ட்டையே எடுத்துக்கும். இதுக்குன்னு தனியா எதுவும் வேண்டியதில்ல."

சென்னம்மாள் தலையாட்டினாள். டப்பாவுக்குள் நாலாக மடித்து ஒரு தாள் இருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். வேடியப்பன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். அவள் எடுத்து, அதிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டையைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். தேடியதில் அடுப்படியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஏன் அங்கே வந்தது என்று கேட்கலாமென்றால் சென்னம்மாள் அதற்குள் வேலைக்குப் போயிருந்தாள். மணி ஏழுகூட ஆகவில்லை.

அவன் லீவு சொல்லிவிட்டு வாழவந்திக்குப் போனான். அங்கே மச்சினன் மாதப்பன் வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. வாழவந்தியில் எங்கே விசேஷம் நடந்தாலும் அது போய்ப் பாடிவிட்டு வரும்.

"மோட்டார மட்டும் கோடை விழா முடியற வரைக்கும் குடு மாப்ளே. அக்காளுக்கு ஓட்டு ஊடு கெடைக்கும்."

அக்காள் என்றதும் மாதப்பன் மறுக்கவில்லை. வேடியப்பன் டேப் ரிக்கார்டரைப் பிரித்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்த மோட்டாரை வெளியே எடுத்தான். திருகை ஓம்ஸுக்கு வைத்தான். இரண்டு ஒயரிலும் ஊசிகளை வைத்தான்.

முள் ஆடவில்லை.

ஊசிகளை மாற்றி வைத்தான், ஒயரைச் சுரண்டி வைத்தான், மோட்டாரைத் தட்டிவிட்டு வைத்தான். முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"செத்துப்போச்சு மாப்ளே."

"நேத்துப் பொழுதோட பாடுச்சுங்களே மச்சான்."

"நேத்துப் பாடுச்சு. இன்னைக்குச் செத்துப்போச்சு."

"மீட்டரு சரியா இருக்குதுங்களா?"

வேடியப்பன் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, திருகை வோல்ட்டுக்குத் திருப்பி, ஊசிகளைப் பிளக்கில் சொருகினான். முள் இருநூற்று இருபதுக்குத் துள்ளியது. மாதப்பன் மோட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"மறுபடியும் மாட்டி ஓட்டிப் பாக்கலாமுங்களே."

"செத்த மோட்டார மாட்டுனா உள்ள இருக்கற மத்த சாமானும் எரியும். தொரையோட மிக்ஸி எப்பிடிப் போச்சுன்னு நெனைக்கறே?"

மாதப்பன் யோசித்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்குக் காது குத்து. ஊரெல்லாம் பாட்டு உண்டு என்று சொல்லியிருந்தான்.

"நல்லா இருந்த சாமான் உங்க கையிலதான் செத்துருக்குது மச்சான். விசேசத்துல பாட்டு இல்லைன்னா எனக்கு மானம் போயிரும். நீங்கதான் வந்து பாடோணும்."

வேடியப்பனுக்கு நாலு பாட்டுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பந்தி முடிகிற வரைக்கும் அந்த நாலையும் மாற்றி மாற்றிப் பாடினான். காது குத்தியபோது குழந்தை அழவே இல்லை, மூன்றாவது பாட்டு நாலாம் தடவை வந்தபோதுதான் அழுதது என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த மோட்டார் பெருமாளின் ஜீப்பில் இருந்தது. ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றும் ஜீப். முன் கண்ணாடியை ஒட்டி வைப்பர் மோட்டார் குட்டியாக, பலமாக உட்கார்ந்திருந்தது. தகர மனுசனின் கையைத் தூக்க அதைவிடத் தோதான மோட்டார் கிடையாது. பெருமாளின் வீட்டு லைட்டு எரியாமல் கிடந்ததைச் சரிசெய்து கொடுத்து, அதற்குப் பதிலாக மோட்டாரைக் கேட்டான். பெருமாள் சரி என்றான். வேடியப்பன் அதைக் கழற்றி ஊசிகளை வைத்தான்.

முள் ஆடவில்லை.

"இதுவும் செத்துப்போச்சு பெருமாளு."

"காலைல தூத்தல்ல ஓடுச்சுங்களே."

வேடியப்பன் திருகை வோல்ட்டுக்குத் திருப்பி, ஊசிகளை ஜீப் பேட்டரியில் வைத்தான். முள் சரியாகப் பன்னிரண்டு காட்டியது. பேட்டரி நல்ல பேட்டரி, மீட்டர் நல்ல மீட்டர், ஆகவே மோட்டார்தான் செத்த மோட்டார்.

"அப்பிடீன்னா மறுபடியும் மாட்டுனா?"

"வயரிங் எரியும்."

"அப்பக் கண்டிப்பா மாட்ட வேண்டாமுங்க," என்றான் பெருமாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட வேடியப்பன் இரண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பான். "ஆனா மழைல கண்ணாடியத் தொடைக்கோணுமில்லீங்க. வைப்பரச் சாகடிச்சவங்கதான் அந்த வேலையப் பாக்கோணும். நொம்ப இல்லீங்க, நாலு மணி டிரிப்புக்கு மட்டும். மழை வந்தா மட்டும்."

மே மாதத்தில் ஏற்காட்டில் நாலு மணிக்கு மழை வராத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேடியப்பன் ஜீப்பின் இடது பக்க மட்கார்டில் உட்கார்ந்து, ஒரு கையால் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பழைய துண்டை வைத்து மஞ்சக்குட்டை வரைக்கும் துடைத்துக்கொண்டு போனான். முதல் நாள் உள்ளே இருந்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டார்கள்.

"ஏனுங்க பெருமாளு, வைப்பரக் கொஞ்சம் ஸ்பீடா வெய்யிங்க," என்றார் பின்சீட்டில் இருந்த ஒரு பெரியவர்.

பெருமாள் கண்ணாடியைத் தட்டினான். வேடியப்பன் வேகமாகத் துடைத்தான்.

மூன்றாவது மோட்டார் தையற்காரி சாந்தாமேரியின் மெஷினில் இருந்தது. சாந்தாமேரி ஐம்பது வயதுக்காரர். பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிறவர். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் நூற்றைம்பது சட்டை கொடுக்க வேண்டும். மோட்டாரைத் தர அவருக்கு இஷ்டமே இல்லை.

"அக்கா, கழட்டிப் பாக்க மட்டும் விடுங்க. நல்லா இருந்தா விழாவுக்கு ரெண்டே நாள் எடுத்துட்டுப் போறேன். இல்லைன்னா வேண்டாம்."

"பாக்கறதுன்னா பாரு."

முள் ஆடவில்லை.

வேடியப்பனுக்கு உள்ளூரக் கிலி பிடித்துக்கொண்டது. ஏற்காட்டு மலையில் இத்தனை மோட்டார்கள் செத்துக்கிடக்க, அது ஒருவருக்கும் தெரியாமல் எல்லோரும் அவற்றை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தன் கையில் மீட்டர் வந்திராவிட்டால் எத்தனை வீடு எரிந்திருக்கும் என்றுகூட நினைத்தான்.

"அக்கா, நல்ல வேளை நான் பாத்தேன். இதுல தெச்சீங்கன்னா ஷாக் அடிச்சிரும்."

சாந்தாமேரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டு மெஷினை விட்டு எழுந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"முட்டி வலின்னுதான் மிதிப்பலகையக் கழட்டி வித்துட்டு மோட்டார் போட்டேன். இப்போ சக்கரத்த ஆரு சுத்தறது?"

வேடியப்பன் சுவரைப் பார்த்தான். சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"காலைல ஆறு மணிக்கு வந்துரு," என்றார் சாந்தாமேரி. "ஏழரைக்கு விட்டர்றேன்."

எஸ்டேட்டில் ஏழு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள் என்று அவன் சொல்லிப் பார்த்தான். நூற்றைம்பது சட்டை என்று அவர் பதில் சொன்னார். அன்றிலிருந்து காலையில் தையல் மெஷின், மாலையில் ஜீப். ஆஜர் புத்தகத்தில் தினமும் ஒரு சிவப்புச் சுழி. நடுவில் எஸ்டேட் வேலை. தகர மனுசன் மட்டும் வீட்டு மூலையில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வேலையில்லாமல், சுகமாக நின்றான்.

சென்னம்மாள் அவனைத் தினமும் எழுப்பிவிட்டாள்.

"ஏனுங்க, அஞ்சரை ஆச்சு. எந்திரிங்க."

அஞ்சரை என்றால் அஞ்சரைதான், ஒரு நிமிஷம் முன்பின் இருக்காது. அவன் கண்ணைத் திறக்காமலே எழுந்து இருட்டில் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவான். சாயங்காலம் நனைந்து வந்ததும் படுத்துவிடுவான்.

ஒரு நாள் அவனுக்கே மனசு கேட்கவில்லை.

"கட்டை வாங்கவே முடியல புள்ள. இந்த ஞாயித்துக்கெழமை எப்பிடியும் சேலம் போறேன்."

"பரவால்லீங்க. மெதுவா வாங்கலாம்."

வேடியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்ததற்காக மாதப்பன் வீட்டுக் காது குத்தில் அந்த நாலு பாட்டையும் இன்னும் ஒரு சுற்றுப் பாடியிருக்கலாம் என்று நினைத்தான். எப்படியாவது பர்மனென்ட் வாங்கி, ஓட்டு வீட்டில் புதுக் கடிகாரமே மாட்டித் தர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டான்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, செத்ததென்று யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளாத மூன்று மோட்டாரையும் கோணிப்பையிலிருந்து எடுத்து மறுபடியும் பார்த்தான். ஒரு தடவை கரண்ட் கொடுத்துத்தான் பார்ப்போமா என்று கை துறுதுறுத்தது. மேனேஜர் சொன்ன பெட்டி நினைவுக்கு வந்தது. ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு, கயிறு எடுத்தான்.

கோடை விழா அன்று ஏரிக்கரை மைதானத்தில் எஸ்டேட் ஸ்டாலின் முன்னால் கூட்டம். தகர மனுசன் பச்சைத் திரையின் முன்னால் நின்றான். கண் பல்பு எரிந்தது. கையில் காப்பிக் கூஜா. யாராவது டம்ளரை நீட்டினால் கை மெல்ல உயர்ந்து, கூஜா சாய்ந்து, டம்ளர் நிறைந்ததும் இறங்கும். திரைக்குப் பின்னால் வேடியப்பன் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு கயிற்றை இழுத்தான், விட்டான், இழுத்தான். இருபது நாளாகச் சக்கரம் சுற்றிய தோள், அலுப்புத் தெரியவில்லை.

"என்னமா ஊத்துது பாரு," என்று ஒருத்தி சொன்னாள். "ஒரு சொட்டுக் கீழ சிந்தல."

மேனேஜர் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். நாலாவது தடவை சேலத்திலிருந்து வந்த பெரிய அதிகாரியைக் கையோடு அழைத்து வந்தார். அதிகாரி டம்ளரை நீட்டினார். வேடியப்பன் கயிற்றை இழுத்தான். கூஜா சாய்ந்தது.

அப்போது மழை தொடங்கியது. திரைக்குப் பின்னால் பெருமாள் வந்து நின்றான்.

"ஏனுங்க, மணி நாலாச்சு. மழை புடிச்சுக்கிச்சு."

"பத்து நிமிசம் பெருமாளு. பெரிய ஆபீசரு வந்திருக்காரு."

"வண்டி நெறைய ஆளுங்க. மஞ்சக்குட்டைக்காரங்க வைப்பரு எங்கேன்னு சத்தம் போடறாங்க. வாங்க."

பெருமாள் அவனுடைய இடது கையைப் பிடித்து இழுத்தான். வேடியப்பனின் வலது கையில் கயிறு இருந்தது. ஆள் பின்னால் போகப் போகக் கயிறும் கூடவே போயிற்று. தகர மனுசனின் கை மேலே மேலே உயர்ந்தது. டம்ளர் நிறைந்து, அதிகாரியின் கை நிறைந்து, சட்டைக் கை நிறைந்தது. அவர் பின்வாங்கினார். கூஜா மேனேஜரின் வெள்ளைப் பேன்ட்டின் மேல் மிச்சத்தைக் கொட்டிவிட்டு நின்றது.

மேனேஜர் திரையை விலக்கினார். ஒரு கையைக் கயிற்றிலும் மறு கையைப் பெருமாளிடமும் கொடுத்துவிட்டு வேடியப்பன் நின்றுகொண்டிருந்தான்.

"மோட்டார் எங்கே?"

"மூணு இருக்குதுங்க தொரை. மூணும் செத்துப்போச்சுங்க. மீட்டர் வெச்சுப் பாத்துட்டேனுங்க. நீங்க சொன்ன மாதிரி ஒண்ணுக்குக்கூடக் கரண்ட் குடுக்கலீங்க."

மேனேஜர் அவனையே பார்த்தார். அதிகாரி பெரிதாகச் சிரித்துவிட்டதால் வேலை தப்பியது. பர்மனென்ட் தப்பவில்லை என்பது வேடியப்பனுக்குத் தெரிந்துபோயிற்று. அவன் துண்டை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினான். மஞ்சக்குட்டை போய்ச் சேரும் வரை கண்ணாடியைத் துடைத்தான், நடுவில் ஒருமுறை முகத்தையும்.

ஜூன் ஒன்றாம் தேதி காலை களத்தில் எல்லோரும் நின்றார்கள். மூட்டம் பக்கத்தில் நிற்கிறவரைக்கூட மறைத்துக்கொண்டிருந்தது. சட்டைகளெல்லாம் முடிந்துவிட்டதால் வேடியப்பனும் அன்று நேரத்துக்கு வந்திருந்தான். மேனேஜர் தலையசைத்ததும் ரைட்டர் பழனிசாமி ஆஜர் புத்தகத்தைப் பிரித்தார்.

"மே மாசம் பூராவும் ஒரு நாளும் தப்பாம ஏழு மணிக்கு முன்னாலயே வந்து நின்னது ஒரே ஒரு ஆளுதான்," என்றார். "பர்மனென்ட் ஆர்டர் அவங்களுக்குத்தான்."

வேடியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சென்னம்மாள். நாற்றுப் பண்ணை."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஏழு வருஷ பாரம் இறங்கியது போல இருந்தது. யார் பேரில் வந்தால் என்ன, ஓடு அதே ஓடுதான், கம்பளி அதே கம்பளிதான். சந்தோஷத்தோடு கொஞ்சம் வெட்கமும் வந்தது. தான் ஒரு கட்டைகூட வாங்கித் தரவில்லையே என்று இருந்தது. மூட்டத்துக்குள் தடவிப் போய் அவள் பக்கத்தில் நின்றான்.

"ஏம் புள்ள, கடியாரம்தான் நின்னு கெடக்குதே, ஒரு நாளும் தப்பாம நீ எப்பிடி நேரத்துக்கு வந்தே?"

"அது நீங்க சேலம் போயிட்டு வந்த மறுநாள்ல இருந்தே ஓடுதுங்களே," என்றாள் சென்னம்மாள். "மீட்டருக்குன்னு தனியா எதுவும் வேண்டியதில்லன்னு நீங்கதான சொன்னீங்க, அதான் அதுக்குள்ள சும்மா கெடந்த கட்டைய எடுத்துக் கடியாரத்துல போட்டுட்டேன்."